காய்ந்த பக்கத்துக் குதிரை

தென்காசியில் பிறந்தும் குற்றாலத்தில் நான் குளிக்காமலே இருந்தேன். குளிர்ந்த தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். கடையம் பக்கம் குதிரைவண்டிப் பந்தயம் பார்க்கப் போனபோது மனைவி என்னை மடக்கினாள். அவள் சொல்லும் குதிரை ஜெயித்தால் நான் அருவியில் நிற்க வேண்டும்.

சாரலில் சாலையின் இடப்பக்கம் சேறாகிக் கிடந்தது. காய்ந்த வலப்பக்கம் நின்ற கறுப்புக் குதிரையை நான் சொன்னேன். அவள் சேற்றில் நின்ற வெள்ளையைச் சொன்னாள்.

கறுப்பு பறந்தது. நான் துள்ளினேன்.

"வண்டி திரும்பியும் வரணும்லா," என்றாள்.

எல்லையில் நட்டிருந்த கொடியைச் சுற்றித் திரும்பியதும் வண்டிகளின் பக்கம் மாறியது. களைத்த கறுப்புக்குச் சேறு. வெள்ளைக்குக் காய்ந்த தரை. வெள்ளை ஜெயித்தது.

அன்று மாலை அருவியில் முதலில் அலறினேன், பிறகு சிரித்தேன். "போதும், வெளிய வாங்க," என்று அவள் கூப்பிட்டும் வரவில்லை.

இப்போதும் பந்தயத்தில் காய்ந்த பக்கத்துக் குதிரையைத்தான் சொல்கிறேன். துண்டை மட்டும் வீட்டிலிருந்தே தோளில் போட்டுக்கொண்டு போகிறேன்.