உளவாளியின் மீசையும் என் பேத்தியின் காதும்

ஒரு சினிமா நடிகரால் ஒரு குழந்தையின் காதுகுத்து நின்றுபோகுமா?

போன வாரம் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. சம்பந்தப்பட்ட நடிகருக்கு இது தெரியாது. தெரிந்தால் பாவம், வருத்தப்படுவார். பார்த்தால் நல்ல மனிதர் போலத்தான் இருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவீர்கள். ஆகவே 'நம்ம ஆள்' என்று வைத்துக்கொள்வோம். கோட்டு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாட்டைக் காப்பாற்றும் உளவாளியாக வரிசையாக நடிக்கிறாரே… அவர்தான்.

என் மகன் செந்தில் கொடைக்கானலில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறான். மாப்பிள்ளை ராஜபாண்டிக்கு வடகவுஞ்சியில் பீன்ஸ் தோட்டம். இருவருமே நம்ம ஆளின் ரசிகர்கள். ஒரே நடிகருக்கு ரசிகர்கள் என்றால் வீட்டில் ஒற்றுமை இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்து முருகனுக்கு நன்றி சொன்னேன். ஆளுக்கொரு நடிகரைப் பிடித்திருந்தால்கூடப் பிழைத்திருப்போம்.

செந்திலுக்கு, நம்ம ஆள் முன்பு யானைப்பாகனாக நடித்த படம்தான் படம். கடைசியில் செத்துப்போன யானையின் காலைக் கட்டிக்கொண்டு, வசனமே பேசாமல் உட்கார்ந்திருப்பாராம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இவன் தாடி வளர்த்தான். முடி வெட்டுவதையும் நிறுத்தினான். அப்பேர்ப்பட்ட நடிகரைக் கோட்டு மாட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவன் கட்சி.

மாப்பிள்ளைக்கு உளவாளிப் படங்கள்தான் உயிர். நம்ம ஆள் அதற்கு முன்பு போட்ட அடியாள் வேஷம், இரண்டாவது ஹீரோ வேஷம், ஒரு படத்தில் போட்ட பொம்பளை வேஷம் எல்லாமே அவர் கணக்கில் நாற்றங்கால்தான். நாற்று விட்டது அப்போது, விளைந்தது இப்போது என்பார். விவசாயி அல்லவா?

"யானைப் படத்த யாரு பாத்தா மச்சான்? நீங்க, நானு, அந்த யானை" என்று அவர் ஆரம்பிப்பார். செந்தில் ஏதாவது திருப்பிக் கொடுப்பான். சிரித்துக்கொள்வார்கள். இதுவரை சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது.

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு டிவியில் புது உளவாளிப் படம். வெளியே எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு கட்டம். எதிரிகளிடமிருந்து தப்பிக்க, நம்ம ஆள் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு சொந்த ஊருக்கு வருகிறார். வாசலில் பெற்ற தாய். யாருப்பா நீ, தண்ணி வேணுமா என்று கேட்கிறாள். உண்மையைச் சொன்னால் அவள் உயிருக்கே ஆபத்து. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, வழி மாறி வந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விடுகிறார்.

மாப்பிள்ளை அழுதுவிட்டார். நிஜமாகவே. பஜ்ஜித் தட்டோடு வந்த நான் பார்த்தேன்.

செந்தில் சிரித்துவிட்டான். அதுவும் நிஜமாகவே.

"மீசைய எடுத்தா மூஞ்சியுமா மாறிரும்? பெத்தவளுக்கு மகனைத் தெரியாதாம்ல. இதுக்குப் போயி அழுகுற ஆளுக்கா எங்க அக்காவக் கட்டிக் குடுத்திருக்கோம்?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணில் தண்ணீரோடு இருப்பவரிடம் சொல்கிற வேடிக்கையா அது? மாப்பிள்ளை என் மகள் மீனாவைக் கிளம்பச் சொன்னார், பிள்ளையைத் தூக்கினார், போய்விட்டார். என் பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்துபோன மனிதரை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பேத்தி யாழினிக்குப் பழனியில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனைத் தகப்பன் நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். எங்கள் பக்கம் இதில் தாட்சண்யமே கிடையாது.

மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அழைத்தார்.

பதிலுக்குச் செந்தில் ஒரு யானைப் பொம்மை அனுப்பினான். அவர் ஒரு கறுப்புக் கண்ணாடி அனுப்பினார். இவன் இன்னும் இரண்டு யானை அனுப்பினான். இதற்கா செல்போன் கண்டுபிடித்தார்கள்?

வெற்றிலை பாக்கு வராமல் மடியில் உட்கார வைக்க மாட்டேன் என்றான் செந்தில். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அத்தையின் அக்கா மகன் ஒருவன் இருக்கிறானே, அவனும் மாமன் முறைதானே என்று மாப்பிள்ளை சொன்னதாக மீனா போனில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. கூடப்பிறந்த தம்பி கல்லுமாதிரி இருக்கும்போது வேறொரு மடியில் வைத்துக் குத்தினால், அந்தப் பிள்ளை தோடு போடுகிற காலமெல்லாம் ஊர் அதைச் சொல்லும். அக்கா தம்பி உறவு அதோடு முடிந்தது.

மாப்பிள்ளையை நான் அதட்ட முடியாது. மகனை அதட்டலாம், அவன் கேட்க மாட்டான். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சினிமா விவாதமெல்லாம் எனக்குப் பிடிபடாது. எனக்குத் தெரிந்தது முருகன்தான். அதனால் முருகனை வைத்தே பேசிப் பார்த்தேன். வள்ளியைக் கட்ட அவர் போடாத வேஷமா? வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டார். வள்ளிக்கு அடையாளம் தெரிந்ததா? ஆக, படத்தில் வருவது நடக்கக்கூடியதுதான் என்றேன்.

"ஏம்மா, வள்ளியா அவரப் பெத்தவ?" என்றான் செந்தில். "பார்வதியாத்தாகிட்ட அந்த வேஷம் எடுபடுமா?"

ஒன்பதாம் வகுப்பும் படித்திருக்க வேண்டுமோ என்று தோன்றிய நேரம் அது.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயந்திரம், மதுரைக்குச் சவாரி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செந்தில் கிளம்பிப் போய்விட்டான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் சாமி முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முருகா, நீ எப்படியாவது அவனைக் கூட்டி வா. டாக்ஸியைத் திருப்பு. டீசல் நான் தருகிறேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். வடகவுஞ்சியில் மாப்பிள்ளையும் மீனாவும் பிள்ளையோடு ஏறினார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று விசாரித்தார் மாப்பிள்ளை. செந்திலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதை நான் பார்த்தேன்.

அடிவாரத்தில் பேத்திக்கு முடியிறக்கினோம். மாப்பிள்ளைக்கும் வேண்டுதல் இருந்தது. தலைமுடி போயிற்று, மீசையும் போயிற்று. குளித்து, சந்தனம் பூசி வந்த அப்பாவைப் பார்த்து யாழினி கத்திய கத்தலில் பக்கத்துக் குடும்பத்துக் குழந்தையும் சேர்ந்து அழுதது. பழனியில் உங்களுக்குத் தெரியாததா? எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, சந்தனம். எல்லாரும் ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள் மாதிரிதான் இருப்பார்கள்.

மண்டபத்தில் காது குத்தும் ஆசாரி பாயை விரித்துவிட்டார். நல்ல நேரம் போகிறது, மாமன் யாரு, வந்து உட்காருங்கள் என்றார். என் அக்கா மகன் வேட்டியைச் சரிசெய்ய ஆரம்பித்தான். மீனா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளித்தூணுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன்.

அங்கே ஒரு மொட்டைத் தம்பி கழுத்தில் துண்டோடு நின்றிருந்தார். எனக்கு இருந்த பதற்றத்தில் அவர் முகத்தை யார் பார்த்தது? கண் முழுக்க ரோட்டில்.

"தம்பி, இங்கிட்டு தாடி வச்ச பையன் யாராச்சும் வந்தாப்லயா? முடி கழுத்து வரைக்கும் கெடக்கும்."

"இல்லங்கம்மா" என்றார், தொண்டை கட்டினாற்போல.

தெரியாத ஆளிடம் மனசைக் கொட்டுவது அடிவாரத்தில் சகஜம். நானும் கொட்டினேன். "என் மகன்ப்பா. புத்தி கொஞ்சம் கம்மி, கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே கெடந்தான். அம்புட்டுப் பாசம். இன்னைக்கு ஒரு சினிமாவுக்காக வராம இருக்கான்."

அந்தத் தம்பி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சந்தனம் கண்ணில் இறங்கிவிட்டது போல என்று நினைத்தேன்.

"தண்ணி வேணுமாப்பா?"

"அம்மா… நான்தாம்மா."

என் கையில் இருந்த பை கீழே விழுந்துவிட்டது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதே மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டானாம். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே வந்து சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் முடி, தாடி, மீசை எல்லாம் இறக்கியிருக்கிறான். மடியில் வைக்கக் கூப்பிடாவிட்டால் என்ன, தூர நின்று பார்த்துவிட்டு வெரசாகக் கிளம்பிவிடலாம் என்று நின்றிருக்கிறான்.

திரும்பினால், எனக்குப் பின்னால் மாப்பிள்ளை. தண்ணி வேணுமா என்று நான் கேட்டது அவர் காதிலும் விழுந்துவிட்டது!

பெற்ற தாய்க்கு மகனைத் தெரியவில்லை. படத்தில் காட்டியது அப்படியே நடந்துவிட்டது. நடத்தியதும் நான். இப்போது மாப்பிள்ளை லேசாகச் சிரித்தால் போதும், செந்தில் டாக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். முருகா, அவர் வாயைக் கட்டு.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அத்தைக்குப் பதட்டம். எனக்கு ஒங்களப் பாத்த ஒடனேயே தெரிஞ்சிருச்சு மச்சான். மீசைய எடுத்தா ஆளு மாறிருமா என்ன? அந்தப் படத்துல அது லாஜிக் இல்லாத சீனுதான்."

பொய். சுத்தப் பொய். கொஞ்ச நேரம் முன்னால் அதே தூணருகே இவர் என் மகனைப் பார்த்து, அண்ணே, அந்தப் பைய மிதிச்சிறாதீங்க என்று சொன்னதை நானே கேட்டேன்.

செந்தில் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல மச்சான். எங்கம்மாவே தண்ணி வேணுமான்னு கேட்டுருச்சு. படத்துல காட்டுனது சரிதான். அன்னைக்கு நான் பேசுனதுதான் தப்பு."

இதோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? ரசிகர்களை உங்களுக்குத் தெரியாது.

இல்லை, படம்தான் தப்பு என்றார் இவர். இல்லவே இல்லை, படம் சரி என்றான் அவன். யானைப் படத்து நடிப்புக்கு முன்னால் கோட்டெல்லாம் நிற்குமா என்றார் மாப்பிள்ளை. யானைப் படம் பாதியில் இழுவை என்றான் என் மகன், அதைப் பார்த்துத் தாடி வளர்த்தவன். குரல் ஏறியது. கூட்டம் கூடியது. ஒரு வாரமாக நடந்த அதே சண்டை, கட்சி மட்டும் மாறி நடந்தது. சமாதானத்துக்குக்கூட இவர்களுக்குச் சண்டைதான் போடத் தெரிகிறது.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குப் படமெல்லாம் வேணாம்ங்க. மடி எங்க?" என்றார்.

மீனா எழுந்தாள். "ரெண்டு மொட்டையும் செத்த வாய மூடுறீங்களா? என்னங்க, அந்தத் தட்ட எடுங்க."

மாப்பிள்ளை வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "வாங்க மச்சான்."

செந்தில் வாங்கிக்கொண்டான். என் அக்கா மகன் நிம்மதியாக வேட்டியைத் தளர்த்திக்கொண்டு ஒதுங்கினான்.

அப்பாவைப் பார்த்து அலறிய யாழினி, மாமன் மடியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து அந்த மொட்டையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவன் காதைப் பிடித்து இழுத்தாள். அடையாளம் தெரிந்து இழுத்தாளா, வெறுமனே இழுத்தாளா… கேட்டால் சொல்கிற வயசா? ஊசி இறங்கும்போது அவளுக்கு முன்னால் செந்தில் கத்தினான். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

செந்திலின் டாக்ஸியில் திரும்பி வரும்போது யோசித்தேன். நம்ம ஆளுக்கு எந்தப் படத்தில் மீசை எத்தனை மெல்லிசு என்று இவர்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். ஆனால் மச்சான் மனசுக்குள் ஒரு வேண்டுதல் இருந்தது மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் காலையில் பஸ்ஸில் சீட்டு சீட்டாகத் தேடியது செந்திலுக்குத் தெரியாது. எனக்கோ, பக்கத்தில் நின்ற மகனையே தெரியவில்லை. நடிகரின் வேஷத்தைப் பார்க்கக் கோடிக் கண். வீட்டில் இருப்பவர்கள் கோபக்கார வேஷம் போட்டால் உற்றுப் பார்க்க ஆளில்லை.

மாப்பிள்ளை முருகன் மலையின் அடிவாரத்திலேயே பொய் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அப்புறம் சமாதானம் செய்துகொண்டேன். முருகனே மால்மருகன், பெருமாளைத் தாய்மாமனாகக் கொண்டவர். தாய்மாமனை அழைத்து வருவதற்காகச் சொன்ன பொய்யை அவர் கணக்கில் எழுதவா போகிறார்?

நேற்றுப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் காதுகுத்து போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் பார்த்தார். இரண்டு மொட்டையும் ஒரே மாதிரி இருக்கிறதே, இதில் உங்கள் மகன் யார் என்று கேட்டார்.

"மூஞ்சிய ஏன் பாக்குறீங்க டீச்சர்? மடியப் பாருங்க" என்றேன்.