கிழக்குப் பக்கத் தோற்றம்

கணினியில் 'வி' விசையை இரண்டு தடவை தட்டிவிட்டு, துப்பட்டா நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாள் ஷீஜா. அதை மறுபடி மாட்டுவதற்குள் திரையில் பட்டியல் விரிந்திருக்கும். சுவர், கதவு, மரம், கார், மனிதர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். டிக் இருந்தால் அது படத்தில் தெரியும், எடுத்துவிட்டால் தெரியாது. கோப்புக்குள் எல்லாம் அப்படியே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் இருக்காது.

எர்ணாகுளம் கடவந்த்ராவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஷீஜாவுக்கு அங்கேதான் வேலை. கட்டடத்தை வரைவது இளசுகள். வரைந்ததை எப்படிக் காட்டுவது என்பது அவள் பொறுப்பு. கொத்தனாருக்குப் போகும் படத்தில் கம்பியும் கழிவுநீர் பைப்பும் அப்பட்டமாகத் தெரியவேண்டும். மாநகராட்சிக்குப் போவதில் வெறும் கோடும் அளவும். வாங்க வருகிறவர்களுக்கு நிழல், வெயில், பால்கனியில் காபி குடிக்கும் பெண். "கட்டடம் ஒண்ணுதான். யாருக்குக் காட்டுறோம்கிறதுதான் வேலையே" என்பாள்.

பழக்கம் வெளியிலும் விடாது. பஸ்ஸில் போகும்போது, "அந்த டிரான்ஸ்பார்மரை ஆஃப் பண்ணிட்டா சர்ச் எவ்வளவு அழகா நிக்கும்!" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வாள். ஒரு கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "மாப்பிள்ளையோட மாமனைப் பாதி மங்கலாக்கியிருக்கலாம்" என்றாள். அந்த மாமன் அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

சிலவன்னூர் காயலோரம் எழுந்த அடுக்குமாடிக்கும் படம் அவளுடையதுதான். இரண்டு கட்டடங்கள் கொண்ட திட்டம். இரண்டாவது, முதலாவதின் கிழக்கு பால்கனிகளுக்கும் காயலுக்கும் நடுவில் வரவேண்டியது. முதல் படத்தில் அவள் இரண்டையும் காட்டியிருந்தாள். முதலாளி சிரியக் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஷீஜா, அந்த ரெண்டாவதுக்கு டிக்கை எடு."

"சார், அது பிளான்ல இருக்கே?"

"இருக்கட்டும். இன்னும் கட்டாததை எதுக்குக் காட்டணும்? நாம பொய்யா சொல்றோம்?"

எடுத்தாள். சூரியனை டிசம்பர் மாதக் காலை எட்டு மணிக்கு வைத்தாள். நிழலை இளக்கினாள். தண்ணீருக்குக் கொஞ்சம் மினுமினுப்பு ஊட்டினாள். ஒவ்வொரு பால்கனியிலும் காயல் பளபளத்தது. வைற்றிலா சந்திப்பில் அந்தப் படம் விளம்பரப் பலகையாக ஆளுயரத்துக்கு மேல் நின்றபோது, பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டதும் உண்மை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அக்கா வத்சலா ஐந்தாம் மாடியில், கிழக்குப் பக்கம் வீடு வாங்கத் தீர்மானித்தாள். குவைத்தில் ஜன்னலில்லாத நர்ஸ் விடுதியில் இளமையைக் கழித்துவிட்டு வந்தவள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எடீ, நீ வரைஞ்ச படமாச்சே. காயல் தெரியும்ல?"

"படத்துல தெரியுது சேச்சி" என்றாள் ஷீஜா.

மறுநாள் சிரியக்கிடம் போய், இரண்டாவது கட்டடம் வருவதை அக்காவிடம் மட்டும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். "ஆபீஸ் விஷயம் ஆபீஸோட. அப்புறம் உன் இஷ்டம்" என்றார் அவர். இந்த வயதில் இன்னொரு அலுவலகத்தில் போய் யாரிடம் கைகட்டி நிற்பது? இரண்டாவது கட்டடத்துக்கு அனுமதி சிக்கலில் கிடந்தது, வராமலே போகலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்கா முன்பணம் கட்டினாள், பதிவு முடிந்தது, பால் காய்ச்சினாள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அனுமதியும் வந்தது. மண் தோண்டும் இயந்திரமும் வந்தது.

இப்போது வத்சலாவின் கூடத்தில் பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. பால்கனிக்கு எதிரே சாரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் அவள் சட்டியில் என்ன கொதிக்கிறது என்றே சொல்லிவிடுவார்கள். துணி காய இரண்டு நாள் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீஜா போயிருந்தாள். வத்சலா பழம்பொரி போட்டுச் சாயா கொடுத்தாள். எதிர்ச்சுவரைக் காட்டிப் பேசினாள்.

"நாங்க குடியிருக்கிறவங்க எல்லாம் சேர்ந்து கேஸ் போடுறோம். கட்டுறவங்க என்ன சொல்றாங்க தெரியுமா, இதைப் பின்னாடிதான் முடிவு பண்ணினாங்களாம், முதல்ல பிளான்லயே இல்லையாம். பச்சைப் பொய்!"

ஷீஜா பழம்பொரியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"உன்கிட்டயும் மறைச்சுட்டாங்க பாரு, பாவிங்க. தெரிஞ்சிருந்தா நீ என்கிட்ட சொல்லாம இருப்பியா?"

"சாயா ஆறுது சேச்சி."

"எடீ, நீ அந்த ஆபீஸ்லயே இருக்கிறவ. ரெண்டாவதை எப்ப வரைஞ்சாங்கன்னு கேட்டுப் பார்த்து, வக்கீல் முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். என் கூடப்பிறந்தவ சொன்னான்னு நான் தலை நிமிர்ந்து நிப்பேன்."

ஷீஜா எழுந்தாள். இரண்டு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அக்காவின் தம்ளரில் இன்னும் பாதிச் சாயா இருந்தது. அதைக் கொட்டித் தேய்த்தாள். கவிழ்த்தாள். பிறகு மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த தம்ளர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"சொல்லுவல்ல?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

ஷீஜா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.