பிளே அமுக்காதவர்

பிளே பொத்தானை அமுக்கமாட்டார் தணிகாசலம். மதியச் சாப்பாடு முடிந்ததும் மகனின் கல்யாண டிவிடியைச் சட்டை நுனியால் துடைத்து பிளேயருக்குள் தள்ளுவார். ரோஜாப்பூ வளையத்துக்குள் ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’, ‘விருந்து’ என்று எழுத்துகள் வந்து நிற்கும். அவற்றுக்குப் பின்னால் மண்டப வாசலின் சின்னக் காட்சி ஒன்று ஓடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். நாகஸ்வரமும் அதே துண்டுதான். ரிமோட்டை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருப்பார்.

கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிறவர். தோகை கிழித்த கோடுகள் கை முழுக்க இருக்கும். வயலில் அவர் ஆள் கூப்பிட்டால் மெயின் ரோட்டுக்குக் கேட்கும்; வாசற்படி ஏறினால் குரல் பாதியாகிவிடும். எதைக் கேட்டாலும் “ஆவட்டும், பாக்கலாம்” என்பார். மோட்டார் புகைந்துபோனாலும் அதே பதில், சர்க்கரை ஆலை கரும்பு வெட்டத் தரும் உத்தரவு தள்ளிப்போனாலும் அதே பதில்.

பக்கத்து வீட்டுக்காரனான நான், அவருக்கு ரிமோட் பழகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் உதவி செய்வதாக எண்ணி அதை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்பா. உள்ள ஒண்ணுமில்ல.”

அவர் மனைவி கனகாம்பாள்தான் பிறகு வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னாள். மகன் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மகள் அருள்மொழி, நல்லவாடு மீனவக் குப்பத்துப் படகுக்காரப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். டிவிடி அப்போது ஸ்டுடியோவில் தயாராகிக்கொண்டிருந்தது. தணிகாசலம் நேரே வில்லியனூருக்குப் போய், மகள் முகம் படத்தில் எங்கேயும் வரக்கூடாது என்று வீடியோக்காரர் மணிபாரதியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். மணிபாரதியும் வெட்டித் தள்ளினார். அண்ணனுக்கு மாலை எடுத்துக் கொடுத்தது, பந்தியில் பாயசம் ஊற்றியது, எல்லாம் போயிற்று. எழுத்துகள் வந்து நிற்கும் அந்த முகப்பை முன்னமே செய்து வைத்திருந்தார்; அதை மட்டும் மறந்துவிட்டார். அதில் மண்டப வாசலில் அருள்மொழி பன்னீர்ச் செம்போடு நிற்கிறாள். யாரோ கூப்பிடத் திரும்புகிறாள். சிரிக்கிறாள். பிறகு மறுபடியும் திரும்புகிறாள்.

இது தெரிந்தபின் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் டிவிடி போடும் நேரத்தில்தான் கனகாம்பாளும் மொச்சை உரிக்க உட்காருவாள், டிவி தெரிகிற இடமாகப் பார்த்து.

போன தை மாதம் பிளேயர் நின்றுபோனது. தட்டு உள்ளே போகும், கரகரவென்று சுற்றும், டிஸ்க் இல்லை என்று காட்டும். வேறு பிளேயர் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார். மகனின் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியே இல்லை. சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் வந்து, வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து போவதை நானே பார்த்தேன். ஒரு வாரம் கழித்து வாசலில் வந்து நின்றார்.

“வில்லியனூரு வரைக்கும் வண்டி எடுக்கிறியாப்பா?”

ஸ்டுடியோவில் மணிபாரதி பழைய கம்ப்யூட்டர் ஒன்றை உசுப்பி டிஸ்க்கைப் போட்டார். அது முகப்பில் நிற்காமல் நேரே படத்துக்குள் போய்விட்டது. மேளம், மாலை, மகனின் வியர்த்த முகம். தணிகாசலம் பதறிப்போய்த் திரையில் கையை வைத்தார்.

“இது இல்லப்பா. இதுக்கு முன்னாடி வரும்.”

மணிபாரதி மெனுவுக்குப் போனார். அருள்மொழி திரும்பிச் சிரித்தாள். அப்போதுதான் மணிபாரதிக்கு விளங்கியது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இத எடுக்க மறந்துட்டங்கய்யா.”

“மறந்ததுதான் நல்லதாப் போச்சு” என்றார் தணிகாசலம். பிறகு, “வெட்டுனத மறுபடி ஒட்ட முடியுமா?” என்று கேட்டார்.

வெட்டிய காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க் எப்போதோ கெட்டுத் தூக்கிப் போட்டாயிற்று என்று மணிபாரதி தயங்கித் தயங்கிச் சொன்னார். தணிகாசலம் தலையாட்டினார். டிஸ்க்கை வாங்கிக்கொள்ள நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மணிபாரதி டிஸ்க்கை எடுக்கவில்லை.

“உங்க பொண்ணோட பையனுக்குக் காது குத்துனப்ப நான்தான் போய் எடுத்தன். நம்பர் இருக்குதுய்யா. போடட்டுமா?”

ஆவட்டும், பாக்கலாம் என்று சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணிபாரதி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்கண்ணா” என்றது ஒரு பெண்குரல். பின்னால் குழந்தை ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

தணிகாசலம் நாற்காலியைவிட்டு எழுந்தார். திறந்து கிடந்த சட்டையை இழுத்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.