கன்னியம்மாவின் வாய் நாற்றமும் என் மாஸ்க்கும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் கிளினிக் வைத்திருந்தேன். கீழே கிளினிக், மாடியில் வீடு. வீட்டில் நான் ஒருத்திதான். கடைசி பேஷன்ட் போன பிறகு பேச ஆள் கிடையாது. அதை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவு வீம்பு.

கன்னியம்மா நடவு வேலைக்குப் போகிறவள். முதல் நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள். மதியம் வரப்பில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது இவள் மட்டும் தள்ளி உட்காருவாளாம். யாரும் போகச் சொல்லவில்லை. அவர்கள் முகத்தைத் திருப்புவதைப் பார்த்து இவளே நகர்ந்துவிட்டாள்.

ஈறோரம் பல்லெல்லாம் காரை, தொட்டால் ரத்தம், நாக்கில் வெள்ளைப் படிவு. இரண்டு சிட்டிங்கில் ஸ்கேலிங் செய்து காரையைச் சுரண்டி எடுத்தேன். நாக்கு வழிக்கவும் சொல்லிக் கொடுத்தேன். கூடவே வீட்டில் உறை ஊற்றிய தயிரைச் சர்க்கரை போடாமல் தினமும் சாப்பிடச் சொன்னேன். நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தயிரிலுள்ள நல்ல பாக்டீரியா ஓரளவு அடக்கிவைக்கலாம். ஆனால் சாப்பிடுகிறவரைதான் அந்தப் பலன், பல் தேய்ப்பதை விடக்கூடாது என்றேன். கூழில் மோர் ஊற்றிக் குடிக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன்.

ஒரு மாதத்தில் ஈறில் ரத்தக் கசிவு நின்றது. நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள், அதே முந்தானையோடு. எனக்கு எரிச்சல். ஒன்றுமில்லாமல் எதற்கு வருகிறாய், இப்போதாவது கூட்டத்தோடு உட்காருகிறாயா என்று கேட்டேன். இல்லையாம்.

"போச்சுன்னு நீங்க சொல்றீங்க. நீங்களும் மாஸ்க்கு போட்டுக்கினுதான சொன்னீங்க? அத்த கயட்டிட்டு சொல்லுங்க, டாக்டரம்மா."

கையைக் காது வரை கொண்டுபோனேன். ஒரு நொடி தயங்கினேன். அதை அவள் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மாஸ்க்கைக் கழற்றி, ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, வாயைத் திறந்து ஊதச் சொன்னேன். லேசாக மோர்ப் புளிப்பு, அவ்வளவுதான். அதையே சொன்னேன்.

முந்தானையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"உங்க மொகத்த இன்னிக்குதான் பாக்கறேன்" என்றாள்.

அன்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நாற்றுக்கட்டு, மழை, அவள் மகள் வீடு என்று என்னென்னவோ.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். சிகிச்சை செய்யும்போது மாஸ்க் கட்டாயம். ஆனால் வாய் நாற்றம் என்று வந்தவரிடம் அது போய்விட்டது என்று சொல்வதானால், மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ச் சொல்லுங்கள்.

நடவு முடிவதற்குள் கன்னியம்மா கூட்டத்தோடு உட்கார ஆரம்பித்துவிட்டாள் என்று அவள் தெருக்காரி ஒருத்தி சொன்னாள். அதன் பிறகு அவள் கிளினிக் பக்கம் வரவில்லை. வைத்தியம் பலித்தால் பேஷன்ட் வரமாட்டார், அதுதான் சரி. எனக்குத்தான் வெள்ளிக்கிழமைகள் ரொம்ப நாள் கஷ்டமாக இருந்தன.