ஹசிந்தோ எல்வீராவைக் கூப்பிட்ட மாலை

கேஸ் விற்கும் ஹசிந்தோவின் முகம் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. லாரி முனை திரும்பும் முன்பே "கேஸ்ஸ்ஸ்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். மூலையில் சோளரொட்டி சுட்டு விற்கிற என் காதில்தான் முதலில் வந்து விழும்.

"டேய், மெதுவாக் கத்துடா! செவிடாப் போயிடுவேன் போலிருக்கு."

"நான் கத்துறதாலதான் ஜனம் வெளிய வருது, உனக்குப் போணியாகுது. அதுக்கு நீ எனக்குக் கமிஷன் தரணும் ரெமே அக்கா."

வாய்க்கொழுப்பு! அவன் மனைவி எல்வீரா எதிர்க் கட்டடத்தில் நான்காம் மாடி வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அவள் ஜன்னலில் நிற்பாள், இவன் தெருவில் நிற்பான், சண்டை நடுவில் பறக்கும். அவர்கள் கொஞ்சிப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் மத்தியானம் என் கடைக்கு வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தட்டுதான்.

அன்று செப்டம்பர் பத்தொன்பது. எண்பத்தைந்தில் பூகம்பம் வந்து மெக்சிகோ நகரம் இடிந்து விழுந்த அதே தேதி என்பதால் வருஷா வருஷம் ஒத்திகை நடக்கும். காலையில் சங்கு ஊதியதும் தெருவே சிரித்துக்கொண்டு கீழே இறங்கியது. எல்வீரா முழங்காலைப் பிடித்தபடி வந்தாள்.

"நாலு மாடி ஏறி இறங்குனா செத்தவங்க திரும்பி வந்துடுவாங்களாக்கா?"

"மேல போடி, அடுப்புல பீன்ஸ் கருகுது" என்று ஹசிந்தோ சீண்டினான். அவள் அவனை முறைத்துவிட்டுப் படியேறினாள்.

மதியம் நிஜமாகவே வந்தது. என் ரொட்டிக்கல் அடுப்பிலிருந்து எகிறி விழுந்தது. ஐயோ, நான் நிமிர்ந்து பார்க்கிறேன், எதிர்க் கட்டடம் மடங்கி உட்காருகிறது! புழுதி அடங்கியபோது நான்காம் மாடி ஜன்னல் என் தலை உயரத்தில் இருந்தது. எந்தப் பாவி அதைக் கட்டினானோ, அவன் நாசமாய்ப் போக.

ஹசிந்தோ வெறுங்கையால் கல்லைப் பிடுங்கினான். கொஞ்ச நேரத்தில் தெருவே வரிசையாக நின்று வாளி கை மாற்றியது. மீட்புக்காரர்களின் தலைவர் முஷ்டியை உயர்த்தினால் எல்லாரும் உயர்த்த வேண்டும். ஒரு கை மேலே இருந்தாலும் யாரும் மூச்சு விடக்கூடாது. அடியில் உயிர் இருந்தால் அப்போதுதான் காதில் விழும்.

முஷ்டிகள் உயர்ந்தன. "உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் தலைவர்.

"எல்வீரா! கேக்குதாடி? கேட்டா மூணு தடவை தட்டு!"

டொக். டொக். டொக்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எல்லாரும் அழுதார்கள். அந்த இடத்திலேயே தோண்ட ஆரம்பித்தார்கள். தைரியம் விடாமல் இருக்க அவளோடு பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். ஹசிந்தோ ஒரு சந்தில் வாயை வைத்துப் படுத்துக்கொண்டான்.

"உங்க அக்கா வச்ச குழம்புதான் ருசின்னு சொன்னேனே, பொய்டி. உன்னைச் சீண்டத்தான் சொன்னேன். நீ வெளிய வா, இனிமே நீ வச்சதைக் குறையே சொல்ல மாட்டேன். உன்னைப் பாக்கத்தான்டி தினமும் இந்தத் தெருவுக்கு ரெண்டு நடை வரேன். இங்க யாருக்குடி ரெண்டு தடவை கேஸ் வேணும்?"

டொக். டொக். டொக்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு கை தெரிந்தது. சின்னக் கை, நகத்தில் நீலப் பூச்சு. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த கல்லூரிப் பெண் நயேலியை வெளியே எடுத்தார்கள். ஜனம் கைதட்டியது. ஹசிந்தோ தட்டவில்லை.

"அவ எங்க?" என்றான்.

அந்தப் பெண் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கய்யா, நான்தான் தட்டினேன். எல்வீரா இல்லேன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

நானாக இருந்தால் அவளை ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். ஹசிந்தோ அவள் முகத்துப் புழுதியைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"உன் பக்கத்துல வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"தட்டினது நல்லதாப் போச்சு கண்ணு. போ, உங்கம்மா தேடுவாங்க."

ஆம்புலன்ஸ் போனதும் தலைவர் மறுபடி முஷ்டியை உயர்த்தினார். ஹசிந்தோவுக்குக் குரலே எழும்பவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "எல்வீரா, கேக்குதாம்மா? ஒரு தட்டுத் தட்டுடி." மறுபடியும் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

தலைவர் கையை இறக்கினார். ஒவ்வொன்றாகக் கைகள் இறங்கின. ஹசிந்தோ மட்டும் இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முஷ்டியை உயர்த்தியபடி நின்றான். ஒரு கை மேலே இருந்ததால் யாரும் வாளியைத் தொடவில்லை, யாரும் இருமக்கூட இல்லை. தெரு முழுக்க அப்படியே நின்றது.

கடைசியில் தலைவரே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடியில இன்னும் யாராவது இருப்பாங்கய்யா. நாங்க வேலை பாக்கணும்."

ஹசிந்தோ கண்ணைத் திறந்து எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான். பிறகு தானே கையை இறக்கினான்.