மலை உச்சியில் ஒரு காஜா

கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு... தண்ணீர் தெளித்த காடாத் துணியின் வாசம்... என் மானம் போகப் பார்த்த அந்த நாள் இந்த வாசத்தோடுதான் ஞாபகம் வருகிறது.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் பவித்ரா ஒரு தாளை நீட்டினாள். கிராஃபாம். பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கெணறா?" என்றேன்.

"தலகீழா புடிச்சிருக்கப்பா. அது மலை."

பத்தாவதோடு நின்றவன் நான். விடுங்கள்.

சங்கராபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்குக் கண்காட்சி. நன்றாக விளக்கினால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். மற்ற பிள்ளைகள் சார்ட் ஒட்டுவார்கள். டெய்லர் மகளுக்கு மட்டும் காடாத் துணியில் தைத்துக் கொண்டுபோக ஆசை.

மேலே ஒரு மலை, உச்சியின் உயரம் மூன்று. கீழே ஒரு கோடு, மூன்றுக்கு நேராக அறுந்து கிடக்கிறது. மேல் படத்தில் வரும் விடையைக் கொண்டுபோய்க் கீழ்ப் படத்தில் போட வேண்டுமாம். உச்சியை நெருங்க நெருங்க, கடைசி விடை எதை நெருங்குகிறதோ அதுதான் எல்லை.

"எடது பக்கக் கோடு ஒண்ணுக்குப் போவுது, வலது பக்கம் நாலுக்குப் போவுது. விடையே இல்லன்னு சொல்லிட்டு வா" என்றேன்.

"எல்லாரும் அங்கதாம்பா ஏமாறுவாங்க" என்று சிரித்தாள்.

கறுப்புப் புள்ளிக்குப் பட்டன், வெறும் வட்டத்துக்குக் காஜா என்று அவளே முடிவு செய்தாள். காஜா தெரியுமில்லையா... பட்டன் நுழைகிற ஓட்டை. மலை உச்சியில் ஒரு காஜா, அறுந்த கோட்டின் இடது முனையில் ஒரு காஜா, வலது முனையில் ஒரு பட்டன். தைத்து, பின்னால் லைனிங்கும் கொடுத்தேன்.

காலையில் பார்த்தால் ரெண்டு காஜாவும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. பட்டன் இல்லாமல் டெலிவரி கொடுத்தால் கஸ்டமர் சும்மா விடுவாரா? லைனிங்கில் பட்டன் வைத்து, காஜாவில் மாட்டி, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டேன். ரெண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

கண்காட்சியில், மார்க் போட வந்த சாருக்கு முன்னால்தான் துணியை விரித்தாள்.

"ஒரே எடத்துக்கு ரெண்டு புள்ளியா? ஒண்ணுதானே இருக்கணும்? அப்ப இது சார்பே இல்லியேம்மா" என்றார்.

பவித்ராவின் முகம் சுருங்கியது. வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி, நிதானமாக காஜாவில் மாட்டிய ரெண்டு பட்டனையும் கழற்றினாள்.

"கழட்டிக் காட்டத்தான் சார் வெச்சிருக்குது. எங்கப்பா தெரிஞ்சேதான் வெச்சாரு. பட்டன் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லை மாறாது சார். புள்ளியில இன்னா இருக்குதுன்னு அது பாக்காது... எங்க போய்க்கினு இருக்குதுன்னுதான் பாக்கும்."

விரலை மலையில் ஏற்றினாள். இந்தப் பக்கமாக ஒரு தடவை, அந்தப் பக்கமாக ஒரு தடவை.

"எந்தப் பக்கம் ஏறினாலும் மூணுக்குக் கீழ இருந்துதான் வர்றோம். அதனால கீழ்ப் படத்துல எடது பக்கக் கோடு மட்டும்தான் நமக்கு. நாலுக்கு வேலையே இல்ல. எல்லை ஒண்ணு சார்."

சார் தலையாட்டினார். எழுந்து வாசலுக்கு வந்தார்.

"தெரிஞ்சேதான் வெச்சீங்களாய்யா?"

"ஆமாங்க சார்" என்று தலையை ஆட்டினேன். மாவட்டப் போட்டிக்கு அவள் பெயர் போனது. திரும்புகையில் பஸ்ஸில், "இனிமே காஜாவ பாத்தா கைய கட்டிக்கினு நில்லு" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். கிராஃபெல்லாம் செல்போனிலேயே வரைகிறாள், விரலால் தள்ளினால் கோடு நகர்கிறது. போன வாரம் ஒன்று அனுப்பியிருந்தாள். அதிலும் ஒரு வெறும் வட்டம்... என் கை பரபரத்தது. அந்தக் காடாத் துணி இங்கே என் மிஷினுக்குப் போர்வையாகக் கிடக்கிறது.

அன்றைக்கு அந்த வாசலில், ஒரு நிமிஷம், நான் கணக்குத் தெரிந்த ஆளாக நின்றேன். "தெரியாமதான் சார் வெச்சேன்" என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

சொல்லவில்லை.