ஐந்தாவது ஆள்

நாற்பத்தொரு தீப்பெட்டிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய காலையில்தான் ஏட்டு என்னை முதன்முதலாக நிறுத்தினார். சாலைகள் கூடும் இடத்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, இரண்டு காவலர்களோடு அவர் உட்கார்ந்திருந்தார். எல்லைப் போராட்ட நாட்கள் அவை. அப்போது அங்கே எல்லை என்று ஒன்றும் இருக்கவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் எந்தப் பக்கம் சேரவேண்டும் என்பதுதான் சண்டை. மலையாள அரசின் கீழிருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் போயின. போலீஸ் சாலையை மறித்தது.

"இதில் எந்தா?" என்று ஏட்டு பையைத் தொட்டார்.

"பிள்ளைகளின்ர மலம், ஐயா."

அவர் நம்பவில்லை. நம்பாததில் தவறுமில்லை. ஊர்வலக் காலத்தில் ஒரு பெண் நாற்பது தீப்பெட்டிகளோடு வருகிறாள், பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாக இல்லை. அவரே முதல் பெட்டியை எடுத்து இழுத்துத் திறந்தார். இரண்டாவதை ஒரு காவலரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னார். மூன்றாவதைத் திறந்தபோது பெஞ்சில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"மதி, மதி" என்று போதுமெனக் கைகாட்டினார். "எடுத்துக்கொண்டு போ."

நான் போகவில்லை. "எல்லாத்தையும் பாருங்கோ ஐயா. பாதி பார்த்துப்போட்டு விட்டால், மிச்சத்திலே என்னவோ கொண்டுபோனன் எண்டு நாளைக்குச் சொல்லுவீங்கள். இன்னும் முப்பத்தெட்டு இருக்கு."

"போகான் பறஞ்சில்லே" என்று விரட்டினார், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே.

சோதித்ததாக ஒரு கையெழுத்துக் கேட்டேன். கொடுக்கவில்லை. கேட்டதை என் நோட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் ஆய்வுக்கூடப் பயிற்சி முடித்தவள். வெளிநாட்டுக் கிராமங்களில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் வேலை செய்ய இளைஞர்களை அனுப்பும் ஒரு சிறிய குழு, என்னைக் குன்னத்துகாலுக்குக் கிழக்கே இருந்த மலையடிவாரத்துக்கு அனுப்பியது. கப்பல், ரயில், இரண்டு பஸ், பிறகு ஐந்து மைல் நடை. தமிழ் பேசும் ஊர் என்பதால் வெளிநாடாகத் தெரியாது என்று வீட்டில் சொன்னார்கள். வந்த முதல் வாரத்தில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதில் சொல்லும்போது பாதி மலையாளத்தில் சொன்னார்கள். நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆனாலும் நோட்டும் பென்சிலும் கையில் இருந்ததால் ஊருக்கு நான் டீச்சர்.

என் வேலை கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும் பிள்ளைகளின் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு அது. மலத்தைச் சோதித்தால்தான் யாருக்கு உண்டு என்று தெரியும். நுண்ணோக்கி தெற்கே ஒரு மிஷன் ஆசுபத்திரியில் இருந்தது. எடுத்த மலத்தை ஒரு நாளுக்குள் அங்கே சேர்க்கவேண்டும். மூடியுள்ள தகர டப்பா கேட்டேன், ஊரில் கிடைக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த காலித் தீப்பெட்டிகளைக் கொடுத்தார். உள்ளே வாழையிலைத் துண்டு, மேலே பென்சிலால் எண். எண்ணுக்குரிய பெயர் என் நோட்டில் இருக்கும். பிள்ளைகள் தங்கள் விருப்பப்படிதான் செய்தார்கள். இரண்டு பேர் பெட்டி மூடாத அளவுக்கு நிரப்பினார்கள். ஒரு வீட்டின் அக்காவும் தங்கையும் ஒரே பெட்டியை நீட்டினார்கள். "ஒரே வீடுதானே டீச்சரே" என்றாள் அக்கா.

பதினேழாம் எண் பெட்டி, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியுடையது. சுவர் மண்ணைச் சுரண்டித் தின்பாள். குடத்தோடு ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள், கூப்பிட்டாலும் எழமாட்டாள். அவளுடைய விரலிலிருந்து ஒரு துளி இரத்தத்தைத் தாளில் ஒற்றி நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன். அட்டையின் கடைசியான, மிக வெளிறிய நிறத்துக்கு ஒரு படிதான் மேலே இருந்தாள்.

நாற்பத்தொன்றில் இருபத்தெட்டுப் பேருக்குப் புழு இருந்தது. ஆசுபத்திரி டாக்டர் அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் தனியாகப் பேசினார். ஒரு மாதம் இரும்பு மருந்து, அதன்பின் புழு மருந்து, இரண்டு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை. மழை தொடங்குமுன் கொடுத்தாகவேண்டும், மழையில் புழு மறுபடியும் ஏறும், இன்னொரு மழையை இந்தப் பிள்ளை தாங்காது. மருந்து கொடுத்தபின் ஐந்து மணி நேரம் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து கவனிக்கவேண்டும். தலை சுற்றும், சில பிள்ளைகள் மயங்குவார்கள்.

அந்த மாதத்தில்தான் தடையுத்தரவு வந்தது. பொது இடத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக்கூடாது. பள்ளிக்கூடம் ஏற்கெனவே மூடிக்கிடந்தது. மருந்து நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி இரண்டு பேர் வந்து புத்தி சொன்னார்கள். வானத்தைப் பார்த்தேன். மேற்கே கறுத்திருந்தது. தள்ளிவைக்கவில்லை.

இருபத்தெட்டை நான்கால் வகுத்தேன். ஏழு மரங்கள், மரத்துக்கு நான்கு பிள்ளைகள். ஏழுமே நீரோடைக்கு அருகில், ஒன்றிலிருந்து ஒன்று நூறடி தள்ளி இருந்தவை. ஐந்து பேர் எங்கும் இல்லை. பிள்ளைகளை நல்லமிளகு நிறுக்கும் தராசில் நிறுத்து, அளவு குறித்து, நாடி பார்க்க வேண்டிய நேரங்களுக்குத் தனியாக ஒரு தாள் போட்டேன். முதல்நாள் இரவு மரவள்ளிக்கிழங்கோடு எண்ணெயோ தேங்காயோ சேரக்கூடாது என்று வீடுவீடாகச் சொன்னேன்.

"தேங்கா இல்லாம மரச்சீனிய எப்பிடி டீச்சரே தின்னும்?" என்றார் பதினேழாம் எண் பெண்ணின் தாய்.

"உப்பும் மிளகாயும்."

"அப்போ புழு தானா எறங்கி ஓடிரும்" என்றார். மருந்தே வேண்டாமாம்.

டீக்கடைக்காரர் வேறு ஒரு யோசனையோடு வந்தார். அவர் போராட்டத்தில் இருந்தவர். முன்கையில் தடியடிக் காயம் ஆறாமல் இருந்தது. "நீங்களும் தமிழாக்கும். மருந்து குடுக்குற மரத்துல நம்ம கொடி ஒண்ணு கெட்டுனா என்ன?"

"கொடி தீப்பெட்டி கொண்டுவரேல்லை. பட்டியலில இல்லாத ஆளுக்கு மரம் இல்லை."

அவர் சிரித்தார். ஆனால் உடனே முகம் மாறியது. "நாங்க அடி வாங்குனது ஒங்க பட்டியல்ல உண்டா?"

கொடியை மட்டும் வேண்டாம் என்றேன். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் கொடி கட்டினால் ஏட்டு வருவார், ஏட்டு வந்தால் பிள்ளைகள் மருந்து குடிக்காமல் ஓடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டு போனார். போனவர் குடிக்கக் காய்ச்சிய தண்ணீரை இரண்டு அண்டாவில் அனுப்பிவைத்தார்.

கொடி இல்லாமலே ஏட்டு வந்தார்.

ஏழு மரத்தடியிலும் மருந்து கொடுத்து முடித்திருந்தேன். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு தாய். ஏட்டு நேராக மூன்றாவது மரத்துக்கு வந்தார். அங்கேதான் பதினேழாம் எண் பிள்ளை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவளுடைய தாய். பிள்ளைகளையும் தாயையும் விரல் நீட்டி எண்ணினார்.

"நாலு பிள்ளேரு. பின்னே ஒரு தள்ள. அஞ்சு."

அவர் எண்ணியது சரி. தூக்கம் கெட்டு வகுத்தும் பெருக்கியும் தாள் போட்டவள் நான். கவனித்துக்கொள்ள இருந்த பெரியவரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏழு இடத்திலும் அதே தவறு. மூன்று பேராக வைத்திருந்தால் பத்து மரங்கள், பத்துத் தாய்மார் போதும். ஊரில் மரத்துக்கும் பஞ்சமில்லை, தாய்மாருக்கும் பஞ்சமில்லை.

"ஒராளு போகணும்" என்றார் ஏட்டு.

"எந்தப் பிள்ளை போகும் ஐயா? இந்த நாலு பேராலயும் இப்ப எழும்பி நடக்கேலாது."

அந்தத் தாய் எங்கள் இருவரையும் பார்த்தார். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுப் பாதையின் மறுபக்கம் நடந்தார். பத்தடி தள்ளி இருந்த பாறையில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ அங்க நாலு, சாரே. இஞ்ச நான் தனிக் கூட்டமாக்கும்."

தலைசுற்றலிலும் ஒரு பிள்ளை சிரித்தது. அடுத்த மரத்தடித் தாய் இதைப் பார்த்து எழுந்து தள்ளி உட்கார்ந்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஓடைக்கரை நெடுக ஏழு பெண்கள், ஆளுக்கொரு பாறையில், கண்ணைப் பிள்ளைகள் மேலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு ஒவ்வொரு மரமாகப் போய் எண்ணினார். நான்கு, நான்கு, நான்கு. திரும்பி வந்து, போகாமல் நின்றார். யாராவது ஒரு தாய் மரத்தடிக்குத் திரும்பட்டும் என்றுதான் காத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சற்று நேரத்தில் பதினேழாம் எண் பிள்ளையின் தலை சரிந்தது. நான் அப்போது ஐந்தாவது மரத்தில் ஒருவனுக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓடிவருமுன் தாய் பாதையைக் கடந்துவிட்டார். மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அதன்பின்தான் நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தார்.

"அஞ்சாச்சு. எழுதிக்கோ."

நான் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். "நானும் வந்திட்டன், ஐயா. ஆறு. என்ர பேரை எப்பிடி எழுதுறதெண்டு சொல்லவோ?"

"நீயும் ஒட்டித்தான நிக்குத. ஏழு" என்றார் தாய், ஏட்டைப் பார்த்து.

ஏட்டு இரண்டடி பின்னால் போனார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தாயின் பெயர், வீட்டுப் பெயர், என் பெயர், என் நாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் சொன்னோம். நான் நாடியை எண்ணிக்கொண்டே சொன்னதால் அவர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டுமுறை கேட்கவேண்டியிருந்தது. நூற்றிருபத்தாறு. கால்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தோம். நூற்றுப்பத்து. கண் திறந்தாள். நூற்றிரண்டு. வாந்தி எடுத்தாள், தாயின் சேலையில்.

எழுதி முடித்து நோட்டை மூடியபிறகு, "குட்டிக்கு எங்ஙனெ உண்டு?" என்று ஏட்டு கேட்டார்.

"உயிரோட உண்டு" என்றார் தாய், அவரைப் பார்க்காமலே.

ஒன்பதாம் நாள் போலீசிடமிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. தடையை மீறியதற்கு விளக்கம் சொல்ல, வெளிநாட்டவர் என்ற முறையில் மூன்று நாளுக்குள் ஆஜராகவேண்டும். இரண்டாம் முறை மருந்து கொடுக்கும் நாளோ ஐந்து நாள் தள்ளி இருந்தது. வருகிறேன், ஆறாம் நாள் வருகிறேன் என்று எழுதி, கீழே காரணத்தைப் போட்டேன். இருபத்தெட்டுப் பெயர்கள். வேறு எதுவும் எழுதவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை.

இரண்டாம் முறை மரத்துக்கு மூன்று பிள்ளைகள், ஒரு தாய். இப்போது கணக்கு சரி. ஆனால் அந்தத் தாய் தன் மரத்தடியில் நான்கு பிள்ளைகளையே வைத்துக்கொண்டார். போன தடவை இருந்த அதே நால்வர். ஒருவரைப் பத்தாவது மரத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

"எதுக்கு? எனக்க பேர ஒருக்கா எழுதியாச்சு" என்றார். "பேடிச்சு, போலீசுக்குப் பயந்து மாத்தி இருந்தோம்னு அவிய நெனைக்கப்பிடாது."

தாளில் அந்த மரத்துக்கு நேரே ஐந்து என்று எழுதினேன். அன்று மருந்துக்கு முன் எடுத்த பதினேழாம் எண் பிள்ளையின் இரத்தத் துளி, அட்டையில் மூன்று படி மேலே ஏறியிருந்தது. மாலையில் நான்கு பிள்ளைகளும் தாங்களாகவே எழுந்து நடந்தார்கள். அன்றிரவு பருவத்தின் முதல் மழை பெய்தது. மறுநாள் காலை பஸ் ஏறி ஆஜராகப் போனேன்.